துடைத்துப் பார்க்காத கம்பிக்கயிறு

சுறா எண்ணெய்த் தகர ரின் ஒன்று என் மேசைக்குக் கீழே இருக்கிறது. குசினிக்குள் வைக்க என் மனுசி விடவில்லை. விறாந்தையில் வைத்தால் அயலிலுள்ள பூனைகள் எல்லாம் வந்து கூட்டம் போடுகின்றன. மூடிக்கு மேலே சீலைத்துண்டு சுற்றி இறுக்கிக் கட்டியும் மணம் அடங்கவில்லை. அந்த மணத்துக்கு மேலே கொப்பியை விரித்து வைத்துத்தான் உமக்கு எழுதுகிறேன். ஓ.எல். சோதனையை மூன்று தரம் எடுத்து, மூன்று தரமும் கணக்கில் விழுந்தவன் நான். தமிழ் மட்டும் ஒவ்வொரு தரமும் பாஸ். அந்த ஒரு பாடத்தை நம்பித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

ரின் உம்முடைய வீட்டிலிருந்து வந்தது. போன செவ்வாய்க்கிழமைக்கு முதல் செவ்வாய், காலையில் உம்முடைய படலையைத் திறக்கிறேன், வளவு முழுக்க இந்த மணம். நீர் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. நீர் இருந்த காலத்தின் கடைசி ஒன்பது வருடமும் அந்த வளவில் இந்த மணம் வந்ததே இல்லை. கொட்டிலுக்குள் உம்முடைய மூத்தவள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, ரின்னைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுக் கம்பிக்கயிறு, கடைக்காரன் கட்டிய கட்டுக் குலையாமல் சுருளாகக் கிடந்தது. எங்கள் ஜீப்பின் முன்பக்கத்தில் படகை இழுக்கிற வின்சுக்குப் போட அவள் வாங்கி வந்தது.

“வாங்கோ மாமா. பழைய கம்பி முடிஞ்சுது. இதுக்கு எண்ணெய் பூசிச் சுத்துவம். வாடைக் காத்துத் துவங்க முன்னம் படகெல்லாம் கரையேத்த வேணும்” என்றாள்.

“உதென்னத்துக்குப் பிள்ளை எண்ணெய்? கிறீஸ் பூசலாமே.”

“கிறீசிலை மண் ஒட்டுது. நீங்கள்தானே முந்திச் சொல்லுவியள், மரத்தைக் காப்பாத்தின எண்ணெய் இரும்பையும் காப்பாத்துமெண்டு. நான் சின்னப்பிள்ளையிலை கேட்டது இப்பவும் ஞாபகம்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் என் சொந்தப் பிள்ளைகள் ஞாபகம் வைத்ததில்லை. உம்முடைய பிள்ளை வைத்திருந்தது இந்த ஒன்றை.

உமக்கு ஞாபகம் இருக்கும். முந்தி ஒரு படகைக் கரையேற்ற இருபது பேர் தோள் கொடுத்த கரை அது. இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வந்தபோது பாதி வீடுகளில் ஆள் இல்லை. மிச்ச வீடுகளில் இருந்த இளசுகளும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். வாடைக் காற்றுக்கு முன் படகுகளை மேட்டுக்கு ஏற்ற ஆள் இல்லாமல் நீரும் நாலு கிழவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் வேலணையிலிருந்து பழைய ஜீப்பில் மண் ஏற்றப் போனவன். நீர் மறித்தீர். “காணும், உந்த ஜீப்பாலை ஒருக்கா இழுத்து விடுவீரோ?” என்று கேட்டீர். வயல்காரனும் கடற்காரனும் அன்றைக்குத்தான் முதல் தரம் கதைத்தோம். கடைசி வரைக்கும் ‘நீர்’, ‘காணும்’ என்பதை நாங்கள் இருவரும் மாற்றவில்லை. அதற்குக் கீழே இறங்க மரியாதை விடவில்லை, மேலே ஏறச் சிரிப்பு விடவில்லை.

அடுத்த வருடம் ஜீப்பின் முன்னுக்கு வின்ச் பூட்டினோம். கயிறு வாங்கப் போனவன் நான். தடித்து மொத்தமானதுதான் பலமானது என்று நினைத்து, பெருவிரல் மொத்தத்தில் ஒரு கம்பிக்கயிறு வாங்கி வந்தேன். உருளையில் பாதி நீளந்தான் சுற்ற இடம் இருந்தது. கயிறு எட்டவில்லை என்று ஜீப்பை ஈர மணலுக்குள் இறக்கினேன். நாலு சில்லும் புதைந்தன. நீர் மேட்டில் குந்தியிருந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, “இப்ப உம்மட ஜீப்பை இழுக்க இன்னொரு ஜீப் வேணும், காணும்” என்றீர். பிறகுதான் யாழ்ப்பாணத்துக் கடைக்காரன் விளங்கப்படுத்தினான். வின்ச் இழுக்கிற பாரத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்குகிற கயிறு போதும். அதற்கு மேலே மொத்தம் கூடினால் உருளை வீங்கும். உருளை வீங்க வீங்க இழுவை குறையும். கணக்கில் விழுந்தவனுக்கு அந்தக் கணக்கு அன்றைக்குத்தான் ஏறியது.

இரண்டாவது கயிறு சரியான மொத்தத்தில் வந்தது. அதற்குத்தான் நான் சுறா எண்ணெய் பூசினேன். உங்கள் கரையில் பலகை வள்ளங்களுக்கு அந்த எண்ணெயைக் காய்ச்சிப் பூசுவதைக் கண்டிருக்கிறேன். அப்பா காலத்து வள்ளம் இன்னும் உழுத்துப் போகாமல் கிடக்கிறது என்று நீரே காட்டியிருக்கிறீர். கடல் வேலை தெரியாத நான், கடற்காரரின் முன்னால் ஒரு விசயமாவது தெரிந்தவன்போல நிற்க ஆசைப்பட்டேன். நீர் ஒரு தரம் சொன்னீர்:

“உது பலகைக்குப் பூசிறது, காணும். பலகை குடிக்கும். கம்பி என்னத்தைக் குடிக்கும்?”

“நாப்பது வருசம் மரத்தைக் காப்பாத்தின எண்ணெய் இரும்பைக் கைவிடுமோ?” என்றேன் நான்.

“சரி, உம்மட ஜீப், உம்மட கம்பி” என்று சிரித்துவிட்டு விட்டீர். ஆனால் ஒரு சட்டம் போட்டீர். ஒவ்வொரு தரமும் இழுக்க முன், கயிற்றை முழுக்க வெளியே விட்டு, சீலைத்துண்டால் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அதன் முள் சீலையில் கொழுவும். கொழுவினால் இழுப்பில்லை. அந்த வேலை என்னுடையது. படகுக்குக் கீழே பனங்குற்றிகளை உருட்டி வைத்து, ஆட்களை விலத்தி, கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கைப் போடுவது உம்முடையது. அறுந்தாலும் சாக்கின் பாரம் கயிற்றை மேலே எழும்ப விடாது என்பீர்.

அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒருபோதும் கதைக்கவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

அன்றைக்கு என் மகனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அதுவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிட்டதெல்லாம் அவன் மதில் பாய்ந்ததற்கும் மற்றப் பிள்ளையின் பல்லை உடைத்ததற்கும்தான். அந்தத் தரம் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறான் என்று கூப்பிட்டிருந்தார்கள். கணக்கில்! நான் வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாமல், காலையிலேயே போட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். ஒரு படகுதானே, இழுத்துவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு ஓடலாம் என்று கணக்குப் போட்டேன். கம்பியைத் துடைத்தால் எண்ணெய்க் கறுப்பு முழங்கை வரைக்கும் ஏறும். நான் கயிற்றை விட்டேன், கொழுக்கியைப் படகின் முன் அணியத்தில் மாட்டினேன், சீலைத்துண்டை எடுக்கவில்லை.

நீர் சாக்கோடு நின்றுகொண்டு கேட்டீர். “கம்பியைத் துடைச்சுப் பாத்தனீரோ?”

நான் “ஓம்” என்றேன்.

நீர் சாக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினீர். மூன்றடி வைத்திருப்பீர். இன்னும் நாலடி விலக விட்டிருக்க வேண்டும். பஸ் நேரத்தை நினைத்துக்கொண்டு நான் சுவிச்சை அமத்திவிட்டேன். படகு அசைந்தது, பனங்குற்றி உருண்டது, பிறகு கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். சாக்கு இல்லாவிட்டால் அறுந்த கம்பி கழுத்துக்கு வந்திருக்கும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். முழங்காலுக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் உம்முடைய தலை என் மடியில் இருந்தது. அந்த நோவுக்குள்ளும் நீர் என் சேட்டைப் பார்த்தீர். “சேட்டு ஊத்தையாப் போச்சே, காணும். இனி எப்பிடிப் பள்ளிக்கூடத்துக்குப் போவீர்?” என்றீர். உம்முடைய ரத்தம் பட்ட இடத்தைத் தவிர அந்தச் சேட்டு வெள்ளையாகவே இருந்தது. ஒரு பொட்டு எண்ணெய்க் கறுப்பு அதில் இல்லை. அதை நீர் கண்டீரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

மறுநாள் தனியாகக் கரைக்குப் போய் அறுந்த முனையைப் பார்த்தேன். வெளியே எண்ணெய் காய்ந்து தோல் பிடித்து, புளிப்பழம்போல மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே செங்கட்டித் தூள்போலத் துரு. நடுவிலிருந்த சணல் திரியை நாக்கில் வைத்தேன், உப்பு. சுறா எண்ணெய் கடல்நீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது. அந்தக் காய்ந்த தோலுக்கு மேலாலும் அறுந்த கம்பிகள் நாலைந்து முள்ளாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. துடைத்திருந்தால் சீலை கொழுவியிருக்கும். நான் அந்த முனையை வெட்டி, ஒருவரும் காணாமல் கடலுக்குள் எறிந்தேன்.

ஊருக்கு நீர் சொன்னது ஒன்றே ஒன்று. “நான்தான் கம்பிக்குக் குறுக்காலை நிண்டனான்.” அதற்குப் பிறகு நீர் கடலுக்குப் போகவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு வின்சைப் பார்த்தீர். நான் வந்து புதுக் கம்பிக்குக் கிறீஸ் பூசினேன். ஏன் எண்ணெயைக் கைவிட்டேன் என்று நீர் கேட்கவில்லை. பின்னேரங்களில் உம்முடைய மனுசி நோவெண்ணெய்ப் போத்தலோடு வந்து, உம்முடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தேய்ப்பா. தேய்க்கும்போதே ஏச்சும் பேச்சும் தொடங்கும்.

“ஆடு எண்டாலும் கயிறு இறுகினால் விலகி நிக்கும்.”

“ஆட்டுக்கு நாலு காலெல்லோ. அது விலகும்” என்பீர்.

“இவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கேக்கையே விலகத் தெரியேல்லை. கேட்டியளோ அண்ணை?”

நான் சிரிப்பேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்துகொண்டு, உங்கள் இருவரோடும் சேர்ந்து சிரிப்பேன். ஒன்பது வருடம் சிரித்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எண்ணெய் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நான் உண்மையைச் சொல்லாமல் எண்ணெயை நிற்பாட்டப் பார்த்தேன்.

“கம்பி வேண்டாம் பிள்ளை. இப்ப வின்சுக்கெண்டே நூல் கயிறு வருது. துருப்பிடிக்காது, பாரமுமில்லை.”

“நைலோன் கயிறோ? அது இழுபடும் மாமா. நங்கூரக் கயிறு எப்பிடி நீளுதெண்டு எனக்குத் தெரியாதே? இழுபட்டு அறுந்தால் கம்பியைவிட மோசம்.”

“இது அந்தச் சாதியில்லை. இழுபடாது. அறுந்தாலும் கம்பி மாதிரி வீசி அடிக்காது.”

“மணலிலை உராஞ்சால்?”

“உறை போடலாம்.”

“வெயில் பட்டால் நாருநாராப் போகுமெண்டு சொல்லுறாங்கள்.”

“வேலை முடியப் படங்கு போட்டு மூடலாம்.”

“கம்பி ஓடி ஓடி, அது வெளியிலை வாற வாய் உருளையெல்லாம் அரம் மாதிரிக் கிடக்கு. நூல் கயிறை அது அறுக்காதோ?”

அவள் உம்முடைய பிள்ளைதான். நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள், சொன்ன இரண்டும் சரி. கடைசியில் தடியால் எண்ணெயைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: “கம்பியிலை ஒரு பிழையுமில்லை மாமா. அண்டைக்குப் பாரம் கூடி அறுந்தது. அப்பா குறுக்காலை நிண்டதாலை அடிபட்டது. நிக்கிற இடத்திலை நிண்டால் சரி. இந்த முறை நான் நிப்பன், சாக்குப் போட.”

சாக்குப் போட அவள் நிற்பாள். உம்முடைய இடத்தில். சுறா எண்ணெய் பூசின கம்பிக்குப் பக்கத்தில்.

அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னேன். எண்ணெய் பூசியது, துடைக்காதது, வெள்ளைச் சேட்டு, ‘ஓம்’, நாலடி விலக விடாதது, கடலுக்குள் எறிந்தது, எல்லாவற்றையும். என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. நான் சொல்லி முடிய, அவள் விறகை இழுத்து மண்ணில் குத்தி அடுப்பை நூர்த்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்.” பிறகு, முகத்தைப் பாராமல், “உந்த ரின்னைக் கொண்டு போங்கோ” என்றாள்.

இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணத்துக்கு ஒன்றாகப் போனோம். போகவரப் பண்ணைப் பாலம் முழுக்க அவள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கடையில் கம்பியைத் திருப்பிக் கொடுத்தாள். வின்சின் இழுவை எவ்வளவு, கயிறு எவ்வளவு தாங்கும், உருளை சூடானால் உள்சுற்று உருகுமோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் சுற்றுகளுக்குச் சூடு தாங்கும் உறை போட்ட கயிறும், அரம்போலத் தேய்ந்த உருளை வாய்க்குப் பதிலாக வழுவழுப்பான வாய் ஒன்றும் எடுத்தாள். நான் பையைத் தூக்கினேன். ஒன்பது வருடத்துக்கு முன் நான் போட வேண்டிய கணக்கை அவள் கால் மணித்தியாலத்தில் போட்டு முடித்தாள்.

திரும்பி வந்து புதுக் கயிற்றைக் கொட்டில் வாசலில் வைத்தாள். “நீங்கள் அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு சுத்துவம்” என்றாள்.

மூன்று நாள் நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்தேன். என் மனுசி நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “காய்ச்சலுமில்லை, ஒண்டுமில்லை. முழிதான் சரியில்லை” என்றா. அனலைதீவுப் பக்கம் மழை இருட்டுக் கட்டியது. ஆறு படகுகள் இன்னும் தண்ணிக்குள் நின்றன. நான் எழும்பிப் போனேன்.

உம்முடைய மனுசி முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தா. ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். “மழை வரப்போகுது அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ” என்றா. நான் கெதியாகச் சொன்னேன். அவ பிரட்டுவதை நிற்பாட்டவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் ஒரு வரிசை பிரட்டினா.

“அப்ப அவர் குறுக்காலை நிக்கேல்லை.”

“இல்லைத் தங்கச்சி. சாக்கைப் போட்டிட்டு விலகினவர். விலகி முடிய முன்னம் நான் அமத்திப்போட்டன்.”

“ஒன்பது வருசம், அண்ணை.” கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தா. “ஒரு நாள் விடாமல் அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சனான். ஒரு நாள் விடாமல் பேசினனான். சனத்துக்கு முன்னாலை பேசினனான். படுக்கையிலை கிடக்கேக்கையும் பேசினனான். ஒருக்காலாவது, நான் அப்பிடி நிக்கேல்லையடியெண்டு அந்த மனுசன் சொல்லேல்லை.”

அவ என்னைப் பேசுவா என்று காத்துக்கொண்டு நின்றேன். பேசினால் நல்லதென்று இருந்தது.

“உங்களைப் பேச எனக்கு வாய் வருதில்லை. இருந்ததெல்லாம் அவரிலை செலவழிஞ்சு போச்சு” என்றா. கருவாட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டா: “சேமக்காலைப் பக்கம் போறனீங்களோ?”

“ஞாயிறிலை கல்லறைக்குப் போறனான்.”

“போனால் அவரிட்டை ஒண்டு சொல்லுங்கோ. நான் போய் நிண்டால் அழுகைதான் வருகுது, கதை வருதில்லை.”

அன்று பின்னேரமே உம்முடைய மூத்தவள் கயிற்றைச் சுற்றினாள். மறுநாள் ஆறு படகையும் ஏற்றினோம். சுவிச் அவளுடைய கையில். துடைத்துப் பார்க்கிற வேலையை என்னிடமே தந்தாள். நூல் கயிற்றில் முள் கொழுவாது. இழை பிய்ந்திருக்கிறதா, உருகி இறுகியிருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். நான் முழு நீளத்தையும் தடவி முடிக்கும் வரைக்கும் அவள் சுவிச்சைத் தொடாமல் நின்றாள். முடித்துச் சொன்ன பிறகும், தானும் வந்து ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அதுதான் சரி. என்னோடு அவள் இன்னும் பழையபடி கதைப்பதில்லை. அதுவும் சரி.

ஞாயிற்றுக்கிழமை சேமக்காலைக்குப் போனேன். பூசை முடிந்து வந்த சனம் நின்றது. உம்முடைய சிலுவைக்கு முன்னால் வாயைத் திறந்தேன், ஒரு சத்தமும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ‘ஓம்’ என்ற அந்த ஒரு சொல் என்னோடுதான் இருக்கிறது, யாராவது எதையாவது கேட்டால் வாயில் அது வருவதற்கு முன் இப்போது ஒரு தரம் நின்றுவிடுகிறேன். என்னுடைய மன்னிப்பை இதற்குள் நான் வைக்கவில்லை. அது பிறகு வரட்டும், முதலில் உம்முடைய மனுசியுடையது உம்மிடம் வந்து சேர வேண்டும். அவ சொல்லச் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்:

“எண்ணெய் தேய்க்கேக்கை நான் பேசினதுகளை மனதிலை வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. எனக்குத் தெரியாமல் போச்சுதெண்டு சொல்லுங்கோ.”